எமில்டா அக்கா உடைத்த பூட்டு

எமில்டா அக்கா எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்த முதல் நாளே, முன்பெஞ்சில் இருந்த ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கயோ மீன் வாடை அடிக்குல" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னான். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னான். சட்டம் படிக்க வந்திருந்த எங்களில் பலர் அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள். அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. மணப்பாட்டில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். காதோரம் நரை. தோளில் ஒரு இறால் கம்பெனியின் பெயர் அச்சடித்த பை.

அவள் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"மீன்னா நாறத்தான் செய்யும் தம்பி. ஆனா இங்கன நாறுதது மீனில்ல. ஏறி வரும்போதே பாத்தேன், மாடிப்படி மூலை பூராவும் செவப்பாத் துப்பி வச்சிருக்கிய. அது எந்த மீனு துப்புனது?"

அப்போதும் அவன் கன்னத்தில் புகையிலை உருண்டை புடைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அவள் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. என் பெயர் ஜாய். சாத்தான்குளத்தில் அப்பா, அம்மா இருவரும் வாத்தியார்கள். யாரையும் எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவள் நான். அந்த பெஞ்சில் மூன்று வருடம் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய கதையைத் துண்டு துண்டாக அங்கேதான் கேட்டேன்.

அக்காவின் அப்பா மணப்பாட்டில் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். மகளை பி.ஏ. வரை படிக்கவைத்து, துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை பார்த்த ரெக்சனுக்குக் கட்டிக்கொடுத்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அக்கா இறால் கம்பெனியில் மேற்பார்வைக்குச் சேர்ந்தாள். நூற்றுக்கணக்கான பெண்கள் நின்றுகொண்டே இறால் உரிக்கும் கொட்டகை. உள்ளே நுழையுமுன் குளோரின் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும். தலைக்கு வலை, வாய்க்கு மூடி. எங்கோ வெளிநாட்டுக்காரன் தின்னப்போகிற இறாலில் ஒரு தலைமுடி கிடந்தால் சரக்கே திரும்பி வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் போனபோது கம்பெனி சாத்திக் கிடந்தது. முதலாளி கைமாற்றிவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். பெண்கள் ரோட்டில் நின்றார்கள். யாரோ ஒரு வக்கீலைப் பிடித்து வந்தார்கள். அவர் தொழிலாளர் துறை அதிகாரியின் அறைக்குள் போய் ஆங்கிலத்தில் பேசினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். வெளியே வந்து "பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். உள்ளே என்ன பேசினார் என்று பெண்கள் அக்காவைக் கேட்டார்கள். பி.ஏ. படித்தவளாயிற்றே. கதவோரம் நின்று கேட்ட அவளுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. புரிந்தவரைக்கும் அது நல்ல பேச்சாக இல்லை.

"அந்தாளு சிரிச்சாம் பாரு, எனக்கு வயித்தப் புரட்டிட்டு ஜாய்" என்று ஒருமுறை சொன்னாள். "வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்னு. அவிய சோறு தின்னுக்கிட்டிருந்தாவ. சரி படின்னுட்டு, குசினியில இன்னும் கொழம்பு கெடக்கான்னு கேட்டாவ."

இப்படித்தான் அவள் எங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள்.

துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், உப்பளங்களைத் தாண்டி நின்றது அந்தத் தனியார் சட்டக் கல்லூரி. முன்பக்கம் மூன்று மாடி, நீலக் கண்ணாடி பதித்தது. கார் வந்து நிற்கப் போர்ட்டிகோ. பின்பக்கம், முன்பு உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த பழைய கிட்டங்கி. அதைத் தடுத்துத் தடுத்து வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். சுவரிலிருந்து உப்புப் பூத்து, காரை பொடிப்பொடியாகக் கொட்டும். வகுப்பு முடிந்து எழுந்தால் எல்லார் தோளிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். குடிதண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பாசி. அதன் சாக்கடை வாயில் டிபன் பாக்ஸ் கழுவிய சோறு அடைத்துக்கொண்டு நுரைத்துக் கிடக்கும். அந்தப் பக்கம் போனாலே அக்கா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொள்வாள்.

போர்ட்டிகோவை ஒட்டி மாதிரி நீதிமன்றம் இருந்தது. வழக்காடிப் பழகுவதற்கான கூடம். தேக்கு மரத்தில் நீதிபதி மேடை, சாட்சிக் கூண்டு, சிவப்பு மெத்தை நாற்காலிகள், ஏ.சி. மேடைக்குப் பின்னால் நீதிபதி அறை. அதில் வெள்ளைக் கழிவறைக் கோப்பையும் நிலைக்கண்ணாடியும் வைத்த குளியலறை. எல்லாம் பூட்டியே இருக்கும். விருந்தாளிகள் வந்தால் மட்டும் திறப்பார்கள். சேர்க்கைக்கு அச்சடித்த விளம்பரத்தில் அதன் படத்தைத்தான் போட்டிருந்தார்கள்.

மாணவிகளுக்கான கழிப்பறை இருந்தது பின்மாடிப் படிக்குக் கீழே. இரண்டு கதவுகள். ஒன்றுக்குள் ஒடிந்த நாற்காலிகளைப் போட்டு அடைத்திருந்தார்கள். மற்றதற்குக் கொண்டி கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயில் துருத்தண்ணீர் நூலாக வரும். முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு நான் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிறகு காலையில் தண்ணீர் குடிக்காமல் வரப் பழகிக்கொண்டேன். எல்லாப் பெண்களும் அப்படித்தான். யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் வகுப்பில் பகவதி என்றொரு பெண். விளாத்திகுளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். விடியுமுன் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். அவ்வளவு நேரமும் அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். இரண்டாம் வருடக் கோடையில், அரசியல் சட்ட வகுப்பில், பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அக்காவும் நானும்தான் ஆட்டோவில் போட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் வரை கிருமி ஏறிவிட்டது என்றார் டாக்டர். "படிச்ச பிள்ளைதானம்மா நீ, தண்ணி குடிக்கணும்னு தெரியாதா?" என்று பகவதியைத்தான் ஏசினார்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். மானாவாரிக் காட்டில் மிளகாய் போடுகிறவர். என்னவென்று கேட்டார். பகவதி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா ஒளிக்காமல் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுவிட்டு, "இதெல்லாம் வெளிய சொல்லக்கூடிய காரியமாம்மா? எப்படியாவது படிப்ப முடிச்சிரட்டும். அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா தரையில் காறித் துப்பப் போய், சுதாரித்து விழுங்கினாள். "பல்லக் கடிக்கணுமாம்" என்றாள்.

நேரே முதல்வர் அறைக்குப் போனோம். சங்கரலிங்கம் சார்தான் முதல்வர். அரசியல் சட்டமும் அவர்தான் எடுத்தார். கண்ணியத்தோடு வாழும் உரிமை பற்றி அவர் பேசினால் பையன்களே அமைதியாகக் கேட்பார்கள். குரல் அப்படி.

"சார், லேடீஸ் பாத்ரூம் பத்திச் சொல்லணும்" என்று அக்கா ஆரம்பித்தாள். கொண்டி, துரு, அடைப்பு, பகவதியின் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் கோணிக்கொண்டு போனது. மேசை இழுப்பறையைத் திறந்து வாசனை ஸ்பிரேயை எடுத்து எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு தடவை அடித்தார்.

"இது கொஞ்சம் சென்சிட்டிவான மேட்டர்மா. லேடி ஸ்டாஃப் மூலமா வரணும். நீங்க குடும்பப் பொண்ணு, இதையெல்லாம் இப்படி எங்கிட்ட வந்து டீடெய்லா…"

"லேடி ஸ்டாஃப் அவசரம்னா வாடகை வீட்டுக்கு ஓடிப் போயிட்டு வாராங்க சார். பக்கத்துல வீடு எடுத்துருக்காங்க. எங்களுக்கு அது முடியாது."

"அட்ஜஸ்ட் பண்ணுங்க. மேனேஜ்மென்ட்ல பேசுறேன்."

படியிறங்கும்போது அக்கா தன் சேலையை முகர்ந்து பார்த்தாள். மல்லிகை வாசம் அடித்தது. "சீ" என்றாள். அன்று வீட்டுக்குப் போனதும் அந்தச் சேலையை ஊறப்போட்டாளாம்.

மழைக்காலம் முடிந்த பிறகு திடீரென்று கட்டடம் பரபரப்பானது. அங்கீகாரம் புதுப்பிக்க ஆய்வுக் குழு வருகிறது என்றார்கள். படிக்கட்டு மூலைகளில் சுண்ணாம்பு அடித்து, அங்கே சாமி படம் ஒட்டினார்கள். பூந்தொட்டிகள் லாரியில் வந்து இறங்கின. முன்கட்டடத்து மாடியில் ஒரு அறையைச் சுத்தம் செய்து டைல்ஸ் பதித்து, பளபளவென்று இரண்டு கோப்பைகளும் வாஷ்பேசினும் வைத்து, 'மகளிர் ஓய்வறை' என்று பலகை மாட்டினார்கள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பகவதி கூட உடம்பு தேறி வந்திருந்தாள். மூன்று பேருமாக மேலே போனோம்.

அக்கா குழாயைத் திருகினாள். ஒன்றும் வரவில்லை. குனிந்து கோப்பைக்குப் பின்னால் பார்த்தாள். துப்புரவு வேலை பார்க்கும் ஜெயபாய், வாளியில் தண்ணீரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அங்கன குழாயே குடுக்கலம்மா" என்றார். "தண்ணி வாரதுக்கும் இல்ல, போறதுக்கும் இல்ல. சும்மா சிமிண்டு வச்சி நிப்பாட்டியிருக்கு. யாரும் உள்ள போயிராம பாத்துக்கிடணும்னு என்னை நிக்கச் சொல்லிருக்காவ."

அக்கா கொஞ்ச நேரம் அந்த வெள்ளைக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுக்கு ஒரு துளி இல்லை. ஆனாலும் அவள் முகம் போன போக்கு, பின்மாடிப் படிக்குக் கீழேகூட நான் பார்க்காதது.

ஆய்வு நாளன்று மாதிரி நீதிமன்றத்தைத் திறந்தார்கள். குழுவுக்கு முன் ஒரு வழக்கை நடித்துக் காட்ட வேண்டும். நன்றாகப் பேசுகிறவள் என்பதால் மனுதாரர் பக்கம் அக்காவையே நிறுத்தினார்கள். நடித்தாள், நன்றாகவே நடித்தாள். குழுவில் மூன்று ஆண்களும் ஒரு அம்மாவும் இருந்தார்கள். கூடம் கலையும்போது அந்த அம்மா மெதுவாக, "ரெஸ்ட் ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நீதிபதி அறைக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரு மாணவியை ஏற்கெனவே பட்டுச்சேலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குள் அக்கா முன்னால் போய், "வாங்க மேடம், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

நீளத் தாழ்வாரம் கடந்து பின்மாடிப் படிக்குக் கீழே போய் நின்றோம். அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன இது?"

"இதுதான் மேடம் எங்க பாத்ரூம். கொண்டி கெடையாது. நீங்க போங்க, நான் கதவப் பிடிச்சிக்கிடுதேன்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அடைத்துக்கொண்டு விளிம்புவரை நின்ற தண்ணீரை, சுவரோரம் கிடந்த துணிகளை, ஈக்களை. எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒருவராவது பார்த்தாயிற்று, அவரும் பெண், பெரிய பதவியில் இருக்கிறவர் என்று நினைத்தேன்.

"வேற இல்லையா?" என்றார்.

"உங்களுக்கு இருக்கு மேடம். எங்களுக்கு இதுதான்."

"நான் அங்கேயே போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மத்தியானம் சீலா மீன் வறுவலோடு விருந்து. எல்லாருக்கும் மக்ரூன் இனிப்பு டப்பா. விடைபெறும் கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து, கட்டட வசதிகள் மனநிறைவு தருகின்றன, குறிப்பாக மாணவிகளுக்கென்று தனி ஓய்வறை அமைத்திருப்பது பாராட்டத்தக்கது என்று பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். போகும்போது அக்காவின் தோளைத் தட்டி, "நல்லா ஆர்க்யூ பண்றீங்க. எதை எங்க பேசணும்னு மட்டும் கத்துக்கிட்டா பெரிய ஆளா வருவீங்க" என்றார்.

அக்கா போர்ட்டிகோவின் ஓரத்துக்குப் போய், புதிதாக வந்த பூந்தொட்டி ஒன்றில் வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "மீன் ஒத்துக்கலையாக்கா?" என்று கேட்டேன். "நான் திங்கவே இல்ல ஜாய்" என்றாள்.

அடுத்த நாளே எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். மகளிர் ஓய்வறைப் பலகை மட்டும் தொங்கியது.

அக்கா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள், பட்டப்பகலில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போனாள். ரெக்சன் அண்ணனின் சுத்தியல் அவள் பையில் இருந்தது எனக்குத் தெரியாது. சாவி ஜெயபாயிடம் இருந்தது. கேட்டால் அவர் வேலை போய்விடும் என்று கேட்கவில்லை. கூடத்தின் பூட்டையும் நீதிபதி அறைப் பூட்டையும் உடைத்துவிட்டு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"ஏளா, போகணும்னு இருக்கவளுவ எந்திரிச்சி வாங்க. தொறந்திருக்கு."

யாரும் அசையவில்லை. பையன்கள் சிரித்தார்கள். பிறகு பகவதி எழுந்தாள். அவள் பின்னால் நான். பிறகு ஒவ்வொருத்தியாக. அடுத்த வகுப்புகளிலிருந்தும் வந்தார்கள். சாட்சிக் கூண்டிலிருந்து நீதிபதி மேடை வரை பெண்கள் வரிசையாக நின்றோம்.

முதல்வரும் தாளாளர் கிருபாநிதியும் ஓடி வந்தார்கள்.

"இது கோர்ட் ஹால்மா, கோர்ட் ஹால்" என்றார் சங்கரலிங்கம் சார். அவருக்கு நிஜமாகவே நெஞ்சு பதறியது போலிருந்தது.

"தெரியும் சார். அடுத்தவ வரட்டும், வழியை விட்டு நில்லுங்க" என்றாள் அக்கா.

அன்றே அவளை இடைநீக்கம் செய்தார்கள். கல்லூரிச் சொத்தைச் சேதப்படுத்தியது, மாதிரி நீதிமன்றத்தை அவமதித்தது என்று இரண்டு குற்றச்சாட்டு. பையன்கள் அவளுக்குக் 'கக்கூஸ் வக்கீல்' என்று பெயர் வைத்தார்கள். வரிசையில் நின்ற பெண்களிலேயே பாதிப் பேர், அக்கா கூப்பிட்டதால்தான் போனோம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி என்னிடம், "அவளுக்கு வயசாயிட்டு, வெக்கம் இல்ல. நமக்குக் கல்யாணம் ஆகணும்லா" என்றாள். அவள்தான் அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள்.

விசாரணை அதே கூடத்தில் நடந்தது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார் தாளாளர். மாட்டேன் என்றாள் அக்கா. நானும் பகவதியும் சாட்சி சொல்லப் போயிருந்தோம். என்னைக் கூப்பிட்டபோது நான் பகவதியைப் பார்த்தேன். பகவதிதான் எழுந்தாள். அவள் அப்பாவும் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு மூத்திரத்துல ரத்தம் வந்திச்சி" என்றாள். "ஆஸ்பத்திரியில கெடந்தேன். அதையும் எழுதிக்கோங்க. இங்கன எழுதலேன்னா மதுரை ஹைகோர்ட்ல எம் பேருலயே மனு போடுவேன். அக்கா எழுதித் தருவாவ."

அவள் அப்பா இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. தாளாளர் முதல்வரைப் பார்த்தார். அங்கீகார உத்தரவு இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. இந்த நேரத்தில் நீதிமன்றம் என்ற பேச்சே அவர்களுக்கு ஆகாது. அக்காவை எச்சரிக்கையோடு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நீதிபதி அறைக் குளியலறை மாணவிகளுக்கு என்று முடிவானது. கூடத்துக்குள் போகாமல் வெளிப்பக்கமாக ஒரு வாசலும் உடைத்தார்கள்.

இதோடு கதை நன்றாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

ஒரு மாதத்துக்குள் அந்தக் குளியலறையும் நாறத் தொடங்கியது. தண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனால் யாரும் ஊற்றுவதில்லை. கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. குப்பைக்கூடை காலியாகக் கிடக்க, நாப்கினைக் கோப்பைக்குள்ளேயே போட்டார்கள். ஒரு நாள் அடைத்துக்கொண்டது. அக்காவும் நானும் போனபோது ஜெயபாய் முட்டிபோட்டு, கையில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு, முழங்கை வரை உள்ளே விட்டு அள்ளிக்கொண்டிருந்தார். உறை கிழிந்திருந்தது.

"கைய வெளிய எடுங்கக்கா" என்றாள் எமில்டா அக்கா. "மொதல்ல கைய எடுங்க."

ஜெயபாய் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க தொறந்து விட்டுட்டியம்மா. எல்லாரும் உங்களப் பேசுதாவ. கழுவுதது நான்லா?"

அக்கா அங்கிருந்து நேரே வகுப்பு வகுப்பாகப் போனாள். ஆண்கள் இருக்கிறார்களே என்றெல்லாம் பார்க்கவில்லை.

"நமக்குப் பூட்டிப் போட்டவங்கள நாம ஏசுனோம். இப்ப நாம என்ன செஞ்சிருக்கோம்னு போயிப் பாருங்க. நம்ம போட்டத நம்மளப்போல ஒரு பொம்பள கையால அள்ளுதா. சட்டம் படிக்கிற பிள்ளைகளா நீங்க? எனக்கு ஒங்களப் பாத்தாலும் குமட்டுது."

சில பேர் அழுதார்கள். பல பேருக்குக் கோபம் வந்தது. எவ்வளவு சொல்லியும் நிர்வாகம் கையுறை வாங்கித் தரவில்லை என்பதால் நாங்களே வாங்கினோம். அடைப்பு எடுக்கும் கம்பியும் வந்தது. அதன் பிறகு அடைத்தால் கம்பியைப் பிடித்தது அக்கா, பகவதி, நான், இன்னும் மூன்று நான்கு பேர். மற்றவர்கள் எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். ஜெயபாய் எங்களுக்கு நன்றி சொன்னதும் இல்லை, எங்களோடு சிரித்துப் பேசியதும் இல்லை. அடுத்த கோடையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அக்கா படிப்பை முடித்து வக்கீலாகப் பதிவு செய்துகொண்டாள். தூத்துக்குடி கோர்ட்டில் இப்போது அவளுக்கு ஓரளவு பெயர் உண்டு. இறால் கொட்டகைப் பெண்கள், உப்பளத்துப் பெண்கள் அவளைத் தேடி வருகிறார்கள். கேட்கக்கூடாதது என்று ஒன்றும் இல்லாமல் கேட்பாள், அதனால் அவர்களும் ஒளிக்காமல் சொல்வார்கள். பகவதி அவளிடமே ஜூனியராக இருக்கிறாள்.

போன மார்ச் மாதம் கோர்ட் வளாகத்தில் நான் அவளோடு நின்றுகொண்டிருந்தபோது சங்கரலிங்கம் சார் போனில் கூப்பிட்டார். மகளிர் தினத்துக்கு அவள்தான் சிறப்பு விருந்தினராக வர வேண்டுமாம். கல்லூரிக்கே அவள் பெருமையாம். மாதிரி நீதிமன்றத்தில்தான் விழாவாம். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வர முடியாது சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

"போயி நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வந்திருக்கலாமேக்கா" என்றேன்.

"கோவம்னா போயிருப்பேன் ஜாய். இது கோவமில்ல. அந்த வாசல்ல ஏறணும்னு நெனச்சாலே குமட்டி ஓங்கரிக்கு."

உள்ளே அவளுடைய வழக்கைக் கூப்பிட்டார்கள். கோட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.